செல்லப் பிராணிகளின் படங்களைக் கூர்மையாக்குதல்: புதுக் கேமரா வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பேசியில் எடுத்த நாயின் படம் பளிச்சென்று இருக்கிறது, பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கேமராவில் எடுத்த படமோ மங்கலாக இருக்கிறது என்ற குறை, புதுக் கேமரா வாங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே எழுகிறது. கைப்பேசி, படம் பதிவாகும் கணத்திலேயே அதை அழுத்தமாகக் கூர்மையாக்கி, நிறத்தைக் கூட்டி, முடிந்த பொருளாக உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. கேமரா, அதிலும் குறிப்பாக ரா கோப்பில் (கேமரா பதிவு செய்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), அந்த வேலையின் பெரும்பகுதியை உங்களுக்காக விட்டுவைக்கிறது. அந்த வேலையை எந்த வரிசையில், எவ்வளவு செய்ய வேண்டும் என்பது கேமராவோடு வரும் கையேட்டில் இருப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளின் உதவிப் பக்கமும் தன் கருவியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நான் பல இடங்களில் தேடி, பல படங்களைக் கெடுத்துச் சேர்த்தவற்றை, நாய், பூனை வளர்ப்பவர்களுக்குத் தேவையான அளவில் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கூர்மையாக்கும் கருவிகளில் பெரும்பாலானவை படத்தில் பதிவாகாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை. இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில், இருண்ட பக்கத்தை இன்னும் சற்று இருட்டாகவும் வெளிச்சமான பக்கத்தை இன்னும் சற்று வெளிச்சமாகவும் ஆக்குவதே அவற்றின் வேலை; அந்த வேறுபாட்டைத்தான் நம் கண் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஃபோகஸ் தவறிய படத்தை எந்த அளவு கூர்மையாக்கினாலும், அழுத்தமான கோடுகள் கொண்ட மங்கலான படம்தான் கிடைக்கும்.

1. கேமராவைச் சந்தேகித்தால் முதலில் சோதித்துவிடுங்கள்

படம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் கேமராவா, லென்ஸா, நாயா என்பதை முதல் சில நாள்களுக்குள் முடிவு செய்துகொள்வது நல்லது. கடைகளும் இணைய விற்பனைத் தளங்களும் பழுதான பொருளை மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் மிகக் குறுகியது. அது கடந்தால் உத்தரவாதத்தின்கீழ் பழுதுபார்ப்பு மட்டுமே மிஞ்சும். பில்லை எடுத்து அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.

சோதனை எளிது. நல்ல பகல் வெளிச்சம் விழும் சுவரில் ஒரு செய்தித்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியிலோ மேசையிலோ, தாளுக்கு நேராக வையுங்கள். லென்ஸின் துளையை எஃப்/5.6 அல்லது எஃப்/8 ஆகவும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 100 அல்லது 200 ஆகவும் அமைத்து, கை படாமல் இருக்க 2 விநாடி டைமரில் சில படங்கள் எடுங்கள். கணினியில் 100 சதவீதத்தில் (படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவில்) பார்க்கும்போது நடுப்பகுதியின் எழுத்துகள் தெளிவாக இருந்தால் உங்கள் கருவியில் குறையில்லை. ஓரங்கள் சற்று மென்மையாக இருப்பது கேமராவுடன் சேர்த்துத் தரும் லென்ஸ்களுக்கு இயல்பு. ஒரு பக்க ஓரம் மட்டும் மிகவும் மங்கலாக இருந்து மறு பக்கம் தெளிவாக இருந்தால் மட்டுமே லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வகையில், ஃபோகஸ் எப்போதும் பொருளுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ விழும் பிழை ஏற்படுவதுண்டு. கண்ணாடியில்லா வகையில், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரிலேயே ஃபோகஸ் கணக்கிடப்படுவதால், இது அரிது.

சேவை மையத்துக்குப் போக நேர்ந்தால் பில், உத்தரவாத அட்டை, கேமராவின் வரிசை எண், இந்தச் சோதனையில் எடுத்த திருத்தப்படாத மூலக் கோப்புகள் ஆகிய நான்கையும் கொண்டு செல்லுங்கள். திருத்திய நாய்ப் படத்தைக் காட்டினால், நாய் அசைந்திருக்கும் என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பதிலை மறுக்கவும் முடியாது.

அதற்கும் முன்னால் லென்ஸின் முன் கண்ணாடியைப் பாருங்கள். நாய் வளர்ப்பவர்களின் லென்ஸில் மூக்கு ஈரம் படிந்திருப்பது வெகு சாதாரணம். அது காய்ந்தபின் படம் முழுவதும் மெல்லிய பனிபோலத் தெரியும். தூசியை முதலில் ஊதிப் போக்கிய பின்பே மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும்.

2. மங்கலின் வகையைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிதான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முதலில் கண்ணையும், பிறகு காது, கழுத்துப் பட்டை, தரை ஆகியவற்றையும் பாருங்கள்.

கண் மங்கலாகவும், கழுத்துப் பட்டையின் தையலோ காதின் ரோமமோ தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தரை தெளிவாக இருக்க, நாயின் உடல் மட்டும் ஒரே திசையில் இழுபட்டதுபோல இருந்தால் நாய் அசைந்திருக்கிறது. தரை, சுவர், நாய் எல்லாமே ஒரே திசையில் இரட்டித்துத் தெரிந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. எல்லாம் தெளிவாக இருந்தும் மேலே மணல் தூவியதுபோல இருந்தால், அது அதிக ஐஎஸ்ஓவால் வந்த இரைச்சல். இமை முடிகள் தனித்தனியே தெரிந்தும், ஒட்டுமொத்தப் படம் மட்டும் சற்றுச் சோர்வாகத் தோன்றினால், அதுதான் கூர்மையாக்கத் தகுந்த படம்.

முதல் மூன்று வகைப் படங்களைத் திருத்த உட்காராதீர்கள். ஒரே தருணத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் கண் தெளிவாக விழுந்த ஒன்று பெரும்பாலும் இருக்கும். முகபாவம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். மீண்டும் கிடைக்காத தருணம் என்றால், உதாரணமாக இப்போது உயிருடன் இல்லாத ஒரு பூனையின் படம் என்றால், அதைப் பெரிதாக்காமல் சிறிய அளவில் பயன்படுத்துங்கள். 6000 பிக்சல் அகலத்தில் மங்கலாகத் தெரியும் படம் 1200 பிக்சலாகச் சுருக்கப்படும்போது போதுமான அளவு தெளிவாகத் தோன்றும். எந்தக் கூர்மைக் கருவியையும்விட இது நம்பகமான வழி.

3. அடுத்த முறை எடுக்கும்போது மாற்ற வேண்டியவை

திருத்தும் மேசையில் நீங்கள் செலவிடும் நேரத்தைக் குறைப்பவை கேமராவில் உள்ள சில அமைப்புகளே. கேனன், நிக்கான், சோனி ஆகியவற்றின் அண்மைக்கால கண்ணாடியில்லாக் கேமராக்களில் விலங்கின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி இருக்கிறது. ஆனால் பல கேமராக்களில் அது மனிதர்களைத் தேடும் நிலையிலேயே அமைக்கப்பட்டு வருவதால், மெனுவில் நீங்களே விலங்கு என்று மாற்ற வேண்டும். ஃபோகஸ் முறையை, அசையும் பொருளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் பிராணிக்கு 1/250 விநாடி, நடக்கும் பிராணிக்கு 1/500, ஓடும் நாய்க்கு 1/1000 அல்லது அதற்கும் மேல் தேவை. சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய் முழு வேகத்தில் ஓடினால் 1/2000கூட மிகையல்ல. இந்த வேகத்துக்காக ஐஎஸ்ஓ 3200 வரை உயர்ந்தாலும் தயங்க வேண்டாம். இரைச்சலைக் குறைக்க மென்பொருள் இருக்கிறது. அசைவை நீக்க நம்பத்தக்க வழி இல்லை.

துளை அளவில் ஒரு பெரிய பொறி உண்டு. 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் மலிவாகக் கிடைப்பதால் பலரும் அடுத்ததாக அதை வாங்குகிறார்கள். ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சிறிய வகை) உள்ள கேமராவில், 1 மீட்டர் தூரத்தில், எஃப்/1.8இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் மட்டுமே. நீண்ட முகமுள்ள நாயின் கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் மூக்கு முற்றிலும் மங்கிவிடும். அதே தூரத்தில் எஃப்/5.6 வைத்தால் ஆழம் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகக் கூடும். மூக்கும் கண்ணும் சேர்ந்து தெளிவாக வேண்டுமென்றால் துளையைச் சிறிதாக்குங்கள், அல்லது சற்றுப் பின்னால் செல்லுங்கள். அதற்காக எஃப்/16, எஃப்/22 என்று போகவும் கூடாது. அங்கே சிறிய துளையின் ஓரத்தில் ஒளி வளைவதால் முழுப் படமும் மென்மையாகிவிடும்.

கோப்பு வகையை ரா மற்றும் ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். கேமராவின் உள்ளே இருக்கும் ஷார்ப்னெஸ் அமைப்பு ஜேபெக்கை மட்டுமே மாற்றும். ரா கோப்பின் தரவைத் தொடாது. கேமராவின் சிறிய திரையில் நீங்கள் பெரிதாக்கிப் பார்ப்பது ரா கோப்பினுள் பொதிந்துள்ள ஜேபெக் முன்தோற்றத்தைத்தான். ஆகவே திரையில் கூர்மையாகத் தெரிந்த படம் கணினியில் மென்மையாகத் திறந்தால் எதுவும் கெட்டுவிடவில்லை.

4. மென்பொருளும் செலவும்

பணம் செலவழிக்காமலே இந்த வேலையை முழுமையாகச் செய்யலாம். கேமரா நிறுவனங்களே இலவசமாகத் தரும் மென்பொருள்கள் உண்டு: கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேனனின் மென்பொருளைப் பதிவிறக்கும்போது கேமராவின் வரிசை எண் கேட்கப்படலாம்; அது பெரும்பாலும் கேமராவின் அடிப்பாகத்திலும் பெட்டியின் மேலும் இருக்கும் என்பதால், பெட்டியை எறிந்துவிடாதீர்கள். எந்த நிறுவனத்தையும் சாராத இலவச மென்பொருள்களில் டார்க்டேபிள், ரா தெரபி ஆகிய இரண்டும் ரா கோப்புகளைக் கையாள்பவை. கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தி, ரா கோப்பை நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிள், ரா தெரபி ஆகியவற்றில் ஒன்று கணினியில் இருந்தால் அதன் வழியாகப் படத்தைப் பெற்றுக்கொள்ளும்.

அடோபியின் லைட்ரூமும் போட்டோஷாப்பும் மாதச் சந்தாவில் கிடைப்பவை. அவை வசதியானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாதத்துக்குப் பத்துப் படங்கள் திருத்துபவருக்கு அந்தச் சந்தா தேவையில்லை என்பது என் கருத்து. ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்டும் திட்டத்தை இடையில் நிறுத்தினால் அபராதம் வரும் என்பதையும் சேரும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

புதுக் கேமராவுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே வரும். கேமரா சந்தைக்கு வருவதற்கு முன்பு வெளியான பழைய மென்பொருள் பதிப்பு அதன் ரா கோப்பைத் திறக்காது. கோப்பு பழுதாகிவிட்டது என்று பலர் அஞ்சுவது இதனால்தான். மென்பொருளைப் புதுப்பியுங்கள்; அதற்கு வழியில்லாவிட்டால் அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் கோப்பை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு திறக்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி வரை இருக்கும் என்பதால், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

5. கூர்மையாக்கும் முன் முடிக்க வேண்டியவை

வரிசை முக்கியம். ஒளி அளவு, வெள்ளைச் சமநிலை, லென்ஸ் திருத்தம், இரைச்சல் நீக்கம், வெட்டுதல் ஆகியவை முடிந்த பிறகே கூர்மையாக்கலுக்கு வர வேண்டும். லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவை திருத்தங்களைத் தம் உள்வரிசைப்படியே செயல்படுத்துவதால் நீங்கள் எதை முதலில் நகர்த்தினீர்கள் என்பது கோப்பைப் பாதிக்காது. ஆனாலும் உங்கள் கண்ணின் மதிப்பீடு பாதிக்கப்படும். கிம்பிலும் போட்டோஷாப்பிலுமோ வரிசை மாறினால் படமே மாறும்: இரைச்சலைக் கூர்மையாக்கிவிட்டுப் பிறகு அதை நீக்க முயன்றால் ரோமமும் சேர்ந்து போய்விடும்.

நிறத்துக்கேற்ப இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாயின் படத்தில், நெற்றியிலும் முதுகிலும் ஒளி மிகுந்து ரோமம் வெறும் வெள்ளையாகிவிடும். கூர்மையாக்கல் வெளிச்சமான பக்கத்தை மேலும் உயர்த்துவதால் இது இன்னும் மோசமாகும். எனவே ஹைலைட்ஸ் என்ற, வெளிச்சமான பகுதிகளுக்கான அளவை முதலில் இறக்கி, வெள்ளைக்குள் ரோமக் கோடுகள் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். கறுப்பு நாய்க்கு நேர் எதிர்: நிழலைச் சற்று உயர்த்தினால்தான் ரோமம் தெரியும், ஆனால் நிழலை உயர்த்தும்போது அங்கே ஒளிந்திருந்த இரைச்சலும் மேலே வரும். கறுப்பு நாயின் படத்தில் இரைச்சல் நீக்கத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இரைச்சல் முழுவதையும் துடைக்கவும் முயலாதீர்கள். சற்றுக் குருணை தெரியும் ரோமம், மெழுகு பூசியதுபோன்ற ரோமத்தைவிட எவ்வளவோ மேல்.

6. முதல் கட்டம்: படம் முழுவதற்கும் லேசான கூர்மை

ரா கோப்பைத் திறந்ததும் லைட்ரூம் தானாகவே அமௌன்ட் 40, ரேடியஸ் 1.0, டீட்டெயில் 25, மாஸ்கிங் 0 என்ற அளவுகளை வைக்கிறது. இந்த நான்கு சொற்களும் வெவ்வேறு பெயர்களில் எல்லா மென்பொருள்களிலும் வருவதால் அவற்றின் பொருளைப் புரிந்துகொண்டால் போதும். அமௌன்ட் என்பது விளிம்பில் எவ்வளவு வேறுபாட்டைக் கூட்ட வேண்டும் என்பது. ரேடியஸ் என்பது விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் தூரம் வரை அந்த மாற்றம் பரவ வேண்டும் என்பது. டீட்டெயில், மிக நுண்ணிய கோடுகளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைத் தீர்மானிக்கிறது. மாஸ்கிங், மென்மையான பரப்புகளை விட்டுவிட்டு விளிம்புகளை மட்டும் தொடும்படி கட்டுப்படுத்துகிறது.

படத்தை 100 சதவீதத்தில் வைத்து, பிராணியின் கண்ணும் அதைச் சுற்றியுள்ள ரோமமும் திரையில் இருக்கும்படி நகர்த்திக்கொள்ளுங்கள். திரைக்குள் முழுப் படமும் அடங்கும் அளவில் வைத்துக் கூர்மையை முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. அந்த அளவில் மென்பொருள் காட்டுவது சுருக்கப்பட்ட படம் என்பதால், தேவையைவிட மிகுதியாக ஏற்றிவிடுவீர்கள். ரெட்டினா போன்ற அடர்த்தியான திரைகளில் 100 சதவீதத்திலும் மிகை கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் 200 சதவீதத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிராணிகளின் ரோமத்துக்கு ரேடியஸ் சிறிதாக இருக்க வேண்டும். 0.7 முதல் 1.0 வரை போதும், 1.5க்கு மேல் போனால் தனித்தனி முடிகள் தடித்துக் கம்பிபோலத் தெரியத் தொடங்கும். அமௌன்டை 50 முதல் 70 வரை மெதுவாக ஏற்றுங்கள். பிறகு ஆல்ட் விசையை, மேக் கணினியில் ஆப்ஷன் விசையை, அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடங்களில் மட்டுமே கூர்மை ஏறும். பின்னணியில் உள்ள மங்கலான புல்லும் சுவரும் முழுக் கறுப்பாகி, முகமும் ரோமமும் வெள்ளையாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்; பெரும்பாலான படங்களில் அது 50க்கும் 80க்கும் இடையில் அமையும். அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த படத்துக்கு டீட்டெயிலை 25க்கு மேல் உயர்த்த வேண்டாம்.

ரா தெரபி பயன்படுத்துபவர்கள், 2020இல் வெளியான 5.8 பதிப்பிலிருந்து உள்ள கேப்சர் ஷார்ப்பனிங் என்ற வசதியை இயக்கினால், அளவுகளைப் பெரும்பாலும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஜேபெக் கோப்பைத் திருத்துபவர்கள் இந்தக் கட்டத்தையே விட்டுவிடலாம். கேமரா ஏற்கெனவே கூர்மையாக்கிய படத்தின் மேல் மீண்டும் அதே அளவில் ஏற்றினால் இரட்டைக் கோடுகள் விழும்.

7. இரண்டாம் கட்டம்: கண்ணுக்கும் முகத்துக்கும் தனியாக

படத்தைப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கலாக இருப்பதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். எனவே படம் முழுவதற்கும் கூர்மையை ஏற்றிக்கொண்டே போகாமல், முதல் கட்டத்தில் போதாது என்று தோன்றும் மிச்சத்தைக் கண்ணிலும் முகத்திலும் மட்டும் சேர்ப்பதே சரியான முறை. லைட்ரூமில் தூரிகை முகமூடியைத் தேர்ந்து, ஓரம் மென்மையான தூரிகையால் இரண்டு கண்களையும் தனித்தனியே தடவி, ஷார்ப்னெஸை 20 முதல் 30 வரையும் டெக்ஸ்சரை 10 முதல் 15 வரையும் கூட்டினால் போதும். கிளாரிட்டியைத் தவிர்த்துவிடுங்கள், அது கண்ணைச் சுற்றி அழுக்கு படிந்ததுபோன்ற நிழலை உண்டாக்கும்.

கிம்பில் இதைச் செய்யும் வழி சற்று நீளமானது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு என்பது முழுவதும் உங்கள் கையில் இருக்கும். முதலில் படத்தின் லேயரை (அடுக்கை) நகலெடுங்கள். மேல் லேயரில் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஷார்ப்பன் அன்ஷார்ப் மாஸ்க் என்ற வரிசையில் சென்று கருவியைத் திறங்கள். அதில் தொடக்க அளவாக ரேடியஸ் 3 இருக்கும். ரோமத்துக்கு அது அதிகம் என்பதால் 1க்கு இறக்கி, அமௌன்டை 0.6 முதல் 0.8 வரை வையுங்கள். த்ரெஷோல்டை (எவ்வளவு வேறுபாடு உள்ள விளிம்பைத் தொட வேண்டும் என்ற வரம்பை) சிறிதளவு உயர்த்தினால் இரைச்சல் கூர்மையாகாமல் தப்பும். பிறகு அந்த லேயரின் கலப்பு முறையை லூமினன்ஸ் என்று மாற்றுங்கள். ஒளி அளவு மட்டும் மாறி நிறம் மாறாமல் இருப்பதால், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படங்களில் ரோம ஓரத்தில் வரும் ஊதா, பச்சைக் கோடுகள் மேலும் தூண்டப்படாது. அதன்பின் அந்த லேயருக்கு, அதன் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கறுப்பு மாஸ்க் ஒன்றைச் சேர்த்தால் கூர்மை முழுவதும் மறைந்துவிடும். இப்போது வெள்ளை நிறத்தில், 30 முதல் 40 சதவீத அழுத்தத்தில், மென்மையான தூரிகையால் கண், மூக்கின் மேற்பரப்பு, கன்னத்து ரோமம் ஆகியவற்றை மட்டும் தடவி வெளிக்கொணருங்கள். மிகுதியாகிவிட்டால் கறுப்பால் தடவி மறைத்துக்கொள்ளலாம். கோப்பை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்தால் அடுத்த நாள் மாற்ற முடியும். நேராக ஜேபெக்காகச் சேமித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கண்ணில் எங்கே தடவுவது என்பதும் முக்கியம். கருவிழியின் வண்ண வளையம், இமை ஓரம், கண்ணில் விழும் ஒளிப்புள்ளியின் விளிம்பு ஆகிய மூன்றுமே போதுமானவை. கண்மணியின் கறுப்பில் கூர்மைப்படுத்த எதுவும் இல்லை. அங்கே தடவினால் இரைச்சல்தான் வரும். பூனையின் கண்ணில் வண்ண வளையம் பெரியது, அதன் நுண்கோடுகள் அழகானவை. பூனைக்காரர்கள் இங்கே கைமீறிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண் மட்டும் கண்ணாடிக் குண்டுபோல ஜொலித்து, சுற்றியுள்ள முகம் மென்மையாக இருந்தால் பொம்மையின் படம்போல ஆகிவிடும். கண்ணுக்குக் கொடுத்ததில் பாதி அளவையாவது புருவத்துக்கும் கன்னத்துக்கும் கொடுத்துப் படிப்படியாகக் குறையும்படி தடவுங்கள்.

ஒட்டிய குட்டை ரோமமுள்ள நாட்டு நாய், சிப்பிப்பாறை, கன்னி போன்றவற்றுக்கு உடலில் கூடுதல் கூர்மை அநேகமாகத் தேவைப்படாது, முகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாரசீகப் பூனை, பொமரேனியன் போன்ற நீள ரோமப் பிராணிகளில், மார்பிலும் காதோரத்திலும் உள்ள முடிக்கற்றைகளின் நுனிகளை மட்டும் தொட்டால் போதும். கற்றையின் உட்பகுதி மென்மையாக இருந்தால்தான் அடர்த்தி தெரியும்.

செயற்கை நுண்ணறிவில் இயங்கும் கூர்மைக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை மற்ற கருவிகளைப்போல விளிம்பை மட்டும் அழுத்துவதில்லை. இல்லாத ரோமத்தை ஊகித்து வரைகின்றன. லேசான அசைவு உள்ள படத்தில் வியப்பூட்டும் பலன் தருவதும் உண்டு. ஆனால் நெற்றியில் உள்ள சுழியையும் மூக்கின் மேலுள்ள தழும்பையும் அவை மாற்றிவிடக்கூடும். கட்டணம் செலுத்தும் முன் இலவச முன்னோட்டத்தில் உங்கள் படத்தையே போட்டு, மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் நாயை நீங்கள்தான் அறிவீர்கள்.

8. மிகையைக் கண்டறியும் இடங்கள்

வேலை முடிந்ததாகத் தோன்றியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது மீசை முடி. இருண்ட பின்னணியில் வெள்ளை மீசை நிற்கும்போது அதன் இருபுறமும் கறுப்புக் கோடும், வெளிச்சமான பின்னணியில் கறுப்பு மீசை நிற்கும்போது அதன் இருபுறமும் வெள்ளைக் கோடும் தெரிந்தால் ரேடியஸ் அதிகம். இரண்டாவது, முதுகின் வளைவு வானத்தையோ சுவரையோ சந்திக்கும் கோடு; அங்கே மெல்லிய வெள்ளை விளிம்பு ஒளிர்ந்தால் அமௌன்ட் அதிகம். மூன்றாவது, ஃபோகஸுக்கு வெளியே உள்ள பின்னணி. அங்கே புள்ளிகள் துள்ளினால் மாஸ்கிங் போதவில்லை.

பிறகு எழுந்து போய்விடுங்கள். நீண்ட நேரம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் மிகைக்குப் பழகி, மேலும் மேலும் ஏற்றச் சொல்லும். மறுநாள் காலையில் திறந்து பார்த்துவிட்டு இறுதி செய்யுங்கள். அப்போது அமௌன்டைக் கால் பங்கு குறைக்கத் தோன்றுவதே வழக்கம். முதல் படத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அளவுகளை முன்னமைவாகச் சேமித்துக்கொண்டால், அதே ஒளியில் எடுத்த அடுத்தடுத்த படங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

9. கடைசிக் கட்டம்: அளவு மாற்றிய பின் ஒருமுறை

படத்தைச் சுருக்கும்போது கூர்மையில் ஒரு பகுதி கரைந்துவிடும். ஆகவே எங்கே பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த அளவுக்கு மாற்றிய பின்னர் மிக லேசாக ஒருமுறை கூர்மையாக்க வேண்டும். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மூலத்திலிருந்து தனி நகல் எடுங்கள். ஜேபெக்கைத் திறந்து மாற்றி மீண்டும் ஜேபெக்காகச் சேமிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு முறையும் நுண்விவரம் இழக்கப்படும்.

திரைக்கு: இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலம் போதும்; அதைவிடப் பெரிய படத்தைக் கொடுத்தால் தளமே சுருக்கும், உங்கள் கூர்மைக் கணக்கு வீணாகும். சுருக்கிய பின் கிம்பில் ரேடியஸ் 0.5, அமௌன்ட் 0.3 அளவில் ஏற்றுங்கள். லைட்ரூமில் ஏற்றுமதிப் பலகத்தில் ஸ்கிரீன் என்பதையும் ஸ்டாண்டர்ட் என்பதையும் தேர்ந்தால் அதே வேலை நடந்துவிடும். நிற வெளி (படத்தின் நிறங்களை வரையறுக்கும் அமைப்பு) எஸ்ஆர்ஜிபி ஆக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அழுத்திச் சுருக்கப்பட்டு ரோமம் குழைந்துவிடும் என்பதால், அளவு மாறாமல் போக வேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

அச்சுக்கு: ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சலும், 8×12க்கு 2400×3600 பிக்சலும், 12×18க்கு 3600×5400 பிக்சலும் தேவை. 24 மெகாபிக்சல் கேமராவின் 4000×6000 பிக்சல் படம் வெட்டப்படாமல் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் தூரத்தில் இருந்த பூனையை நெருக்கமாகக் காட்ட நீள அகலங்களைப் பாதியாக வெட்டியிருந்தால் மிஞ்சுவது 2000×3000 மட்டுமே. அதை 12×18இல் போடச் சொல்லிவிட்டுக் கடையைக் குறை சொல்ல முடியாது. காகிதத்தில் மை பரவுவதால், அச்சுக்கான படம் திரையில் சற்று மிகையாகத் தெரியும் அளவுக்குக் கூர்மை தாங்கும். மேட் காகிதத்துக்குப் பளபளப்புக் காகிதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

அச்சுக்கூடத்தில் கோப்பைக் கொடுக்கும்போது, அவர்களுடைய இயந்திரம் தானாகவே நிறத்தையும் கூர்மையையும் திருத்துமா என்று கேளுங்கள். திருத்தும் என்றால் அதை நிறுத்திப் போடச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் ஏற்றிய கூர்மையின் மேல் அவர்களுடையதும் ஏறி, மீசையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்த படத்தைத்தான் வாங்கி வருவீர்கள். பெரிய அச்சுக்கு முன்னால் ஒரு சோதனை போடுங்கள். முழுப் படத்தையும் 4×6 ஆகச் சுருக்கி அல்ல, பெரிய அச்சின் அளவிலேயே முகப் பகுதியை மட்டும் 1200×1800 பிக்சலாக வெட்டி, அதை 4×6 காகிதத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும். பெரிய அச்சில் ரோமம் எப்படித் தெரியுமோ அப்படியே இதில் தெரியும். செலவும் பெரிய அச்சின் விலையில் ஒரு சிறு பங்குதான். அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில், கையை நீட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் பெரிய அளவுக்குக் கொடுங்கள்.